இடப்பக்கம் மாற்றிவிட்ட வேர்

ஆமோஸ் கிளெக்கைப் பற்றிப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். படிப்பறிவில்லாத ஒரு மருந்துக்காரன், யாரையும் கேட்காமல் விஷ வேரைக் கொடுத்து ஒரு பெண்ணைக் கொன்றான் என்று போட்டிருந்தார்கள். பெண் செத்தது உண்மை. மற்றதை எழுதியவன் எங்கள் ஊரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அச்சடித்ததை நான் எப்போதும் பாதிதான் நம்புவேன், இதற்கு அந்தப் பாதியும் இல்லை.

நான் ஜேபெஸ். தறிக்காரன். லங்காஷயரில் அப்போது பாதிப் பேர் தறிக்காரர்கள்தான். ஆலைகள் வந்து எங்கள் வயிற்றில் அடித்த காலம். ஓட்ஸ் கஞ்சி இருந்த நாள் நல்ல நாள். அந்த வயிற்றோடுதான் நாங்கள் செடி படித்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம், 'கறுப்புக் கடா' பீர்க்கடையின் பின்னறையில் கூடுவோம். பன்னிரண்டு பேர் சங்கம். ஆளுக்கு ஒரு கை செடி கொண்டுவந்து மேசை நடுவில் குவிக்க வேண்டும்.

தலைவன் எல்கானா கிரெக்சன். எங்களில் அவனிடம்தான் புத்தகம் இருந்தது. குவியலிலிருந்து ஒரு செடியை எடுப்பான், இடப்பக்கத்து ஆளிடம் கொடுப்பான். அவன் லத்தீன் பேரைச் சொல்ல வேண்டும். தெரிந்தால் சொல்வான். தெரியாவிட்டால் வாயைத் திறக்காமல் தன் இடப்பக்கத்து ஆளிடம் மாற்றிவிடுவான். மாற்றிவிட்டவனை ஏன் என்று கேட்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. அது சங்கத்து விதி. தறிக்காரனுக்கு வெளியில் மரியாதை கிடையாது, அந்த மேசையிலாவது கிடைக்கட்டும் என்று எங்கள் அப்பன்கள் காலத்தில் வைத்தது.

இன்னொரு விதியும் உண்டு. மேசைக்கு வேர் வரக் கூடாது. தண்டை வெட்டு, வேரை விடு. பக்கத்து ஊர்ப் பாதிரி ஒருவர் நைச்சியமாகப் பேசி, ஓடைப் பாறையில் ஒரு பெரணி இருக்கும் இடத்தை எங்களிடம் தெரிந்துகொண்டு போனார். மறுவருடம் போனால் பாறை மொட்டை. லண்டனிலிருந்து கனவான்கள் வந்து கூடை கூடையாகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றைக்குப் போட்ட விதி அது. நல்ல விதி என்று நானே மேசையைத் தட்டி ஆமோதித்தேன்.

வேர் இல்லாததால் எங்கள் படிப்பெல்லாம் தண்டில்தான். லத்தீனில் தண்டுக்குக் காலிஸ் என்று பேர். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும் என்பான் எல்கானா. தண்டு விட்டு நிமிர்ந்து நிற்கிற செடி காலெசென்ட். தண்டே இல்லாமல் தரையோடு ஒட்டிக் கிடப்பது அகாலெசென்ட். தண்டில் முளைத்த இலை காலைன், அதை வேரடி இலையோடு குழப்பினால் எல்கானா பீர்க் குவளையைத் தட்டுவான். ஒருநாள் சொன்னான், கேல் கீரை, காலிஃப்ளவர், கோல்ராபி எல்லாப் பேரும் அதே காலிஸிலிருந்து வந்ததுதான் என்று.

"கோசுக்கு இத்தன சொந்தக்காரனா?" என்றான் ஆமோஸ். "எங்க தாத்தன் செத்தப்பகூட இத்தன பேர் வரலையேப்பா."

"உங்க தாத்தன் செத்தப்ப பீர் ஊத்தல. அதான் வரல" என்றேன்.

ஆமோஸ் எப்போதும் எனக்கு இடப்பக்கம்தான் உட்காருவான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். தறி ஓடாத நாளில் மூலிகை கொடுப்பான். இருமலுக்கு, வயிற்று வலிக்கு, பிள்ளை பெற்றவளுக்கு. டாக்டருக்குக் கொடுக்க வழியில்லாத ஊரில் அவன் கதவைத்தான் தட்டுவார்கள். நான் ஒரு செடி தெரியாமல் அவனிடம் மாற்றிவிட்டதே இல்லை. முப்பது வருடத்தில் ஒன்றுகூட இல்லை. அதில் எனக்குத் திமிர் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்லி இனி என்ன ஆகப்போகிறது?

அந்த ஜூலை கூட்டத்துக்கு ஆமோஸ் ஓர் உயரமான தண்டு கொண்டுவந்தான். ஊதா பூசினாற்போலத் தடித்த தண்டு, உள்ளே குழல். ஒவ்வொரு தண்டிலையின் அடியும் பை மாதிரி உப்பித் தண்டைக் கட்டிப் பிடித்திருந்தது. சுற்றி வந்து என் கைக்கு வந்தது.

"ஏஞ்சலிக்கா. காட்டு வகை. எங்க வெட்டின?" என்றேன்.

"கால்வாய்க்குப் போற சாக்கடையோரம், பழைய மதகுகிட்ட. ஒண்ணுதான் நின்னுச்சு. நெஞ்சுச் சளிக்கு இதோட வேரு நல்லதுன்னு சொல்றாங்களே?"

"வேரப் பத்தி இந்த மேசையில பேசாத" என்று எல்கானா அதட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஆமோஸும் சிரித்தான். ஆனால் திரும்பிப் போகும்போது அந்த மதகடியில் ஒரு வெள்ளைக் கல்லை அடையாளம் வைத்துவிட்டுப் போனான். பனிக்காலத்தில் யாருக்காவது தேவைப்படும் என்று.

தேவைப்பட்டது. எல்கானாவின் மகள் கெசையாவுக்கு.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஜனவரிக் குளிரில் பிள்ளை பெற்றாள். பிள்ளை தங்கிவிட்டது, இவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூச்சு விட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். எல்கானா ஆமோஸிடம் போனான். சங்கத்து ஆள், தன் ஆள், வேறு யாரிடம் போவான்?

பிப்ரவரியில் ஒரு காலை. நான் தறியில் உட்கார்ந்து அறுந்த பாவு இழைகளை முடிந்துகொண்டிருந்தேன். விரல் விறைத்து முடிச்சு விழவில்லை, எரிச்சலாக இருந்தேன். ஆமோஸ் வந்தான். சாக்கில் சுற்றி ஒரு வேர். கழுவியிருந்தான். வெளுப்பாக, தடித்த விரல்கள் ஐந்தாறு சேர்த்துக் கட்டினாற்போல இருந்தது. மேலே தரையோடு ஒட்டி முளைத்த சின்ன இலைகள் நாலைந்து. தண்டு இல்லை.

"ஜேபெஸ், இதக் கொஞ்சம் பாரு. தண்டு இல்லாம எனக்கு ஒண்ணும் புடிபடல."

"எங்க தோண்டின?"

"மதகடியில. கல்லு வச்சேன்ல, அதே எடத்துல."

கத்தியால் ஒரு விரலைச் சீவினேன். நல்ல வாசனை வந்தது, பழச்சாராயம் மாதிரி. வெட்டிய இடத்தில் ஊறிய நீர் என் கட்டைவிரலில் பட்டு மஞ்சளாக மாறியது. எனக்கு அந்த வேரைத் தெரியவில்லை. எந்த வேரையும் எனக்குத் தெரியாது. முப்பது வருடமாக ஒரு வேரையும் நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

"சின்ன எலையா இருக்குறப்ப எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றான் ஆமோஸ்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அங்கே மேசை இல்லை, சங்கம் இல்லை, நானும் அவனும்தான். ஒரு சொல். ஆனால் இடப்பக்கம் உட்காருகிற ஆமோஸிடமா?

"தண்டு நின்ன எடத்துலதான தோண்டின?"

"ஆமா."

"அப்ப அந்தத் தண்டோட வேருதான். வேற எவன் வேரு அங்க வந்து ஒக்காந்திருக்கும்?"

"மெய்யாத்தானே? கெசையாவுக்குப்பா இது."

"நம்பிக்கை இல்லன்னா எதுக்குய்யா என்கிட்ட வந்த? போய் டாக்டர்கிட்டக் காட்டு, பட்டுத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போ."

சிரித்துக்கொண்டே போனான். "நீ சொன்னாச் சரிதான்" என்று வாசலில் நின்று சொன்னான். என் வீட்டில் அப்போது யாரும் இல்லை. தெருவிலும் யாரும் இல்லை.

மதியம் ஒரு மணிக்குக் கெசையா அந்தக் கஷாயத்தைக் குடித்தாள். இரண்டு மணிக்குள் பல் கிட்டிவிட்டது. உடம்பு வில்லாக வளைந்து வளைந்து விழுந்ததாம், எல்கானாவும் அவள் புருஷனும் சேர்ந்து அமுக்கியும் பிடிக்க முடியவில்லையாம். விளக்கு வைப்பதற்குள் போய்விட்டாள். மிச்சமிருந்த வேரைப் போலீஸ்காரன் எடுத்துக்கொண்டு போனான். ஆமோஸையும் கூட்டிக்கொண்டு போனான்.

எங்கள் ஊரில் சந்தேகச் சாவு விசாரணை பீர்க்கடையில்தான் நடக்கும். அவ்வளவு பெரிய அறை வேறு எங்கும் இல்லை. மூன்றாம் நாள் காலை, கறுப்புக் கடாவின் பின்னறையில், எங்கள் மேசையில், விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்தார். சவத்தை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். ஊரிலிருந்து பிடித்துவந்த பன்னிரண்டு ஜூரி ஆட்கள் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதில் பாதிப் பேர் தொப்பியைத் திரும்பப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார்கள்.

அதிகாரி அந்த வேரை மேசை நடுவில் வைத்தார். விதி போட்ட பிறகு அந்த மேசைக்கு வந்த முதல் வேர் அதுதான்.

ஜூரி ஆட்களில் ஒருவன் மாட்டுக்காரன், பென் ராஸ்ட்ரன் என்று பேர். கையெழுத்துப் போடத் தெரியாதவன். பார்த்த உடனே சொன்னான்.

"அய்யா, இது பிணவிரல். எங்க மாடு ரெண்ட இதான் கொன்னுச்சு. சாக்கடையத் தூர் வாருறப்ப வெளிய வந்து கெடக்கும். இதத் தெரியாமயா ஒருத்தன் மருந்துன்னு கொடுத்தான்?"

அதிகாரி ஆமோஸைப் பார்த்தார். ஆமோஸ், மதகடியில் ஜூலையில் ஏஞ்சலிக்கா தண்டு நின்றதையும் அதே இடத்தில் தோண்டியதையும் சொன்னான். விசாரணைக்கு வரவழைத்திருந்த டாக்டர் எழுந்தார். நகரத்து ஆள், கையுறையைக் கழற்றவே இல்லை.

"ஏஞ்சலிக்கா பூத்து விதை விட்டதும் செத்துப்போகும். வேர் அழுகிவிடும். பிப்ரவரியில் அந்த இடத்தில் உயிரோடு இருந்தது பக்கத்தில் முளைத்த இந்த விஷச்செடிதான். இது பாலபாடம்."

பாலபாடம் எங்கள் மேசையில் ஒருவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் குனிந்து பீர்க் கறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதிகாரி நிதானமானவர்தான், அதைச் சொல்ல வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கிளெக், கவனமாகக் கேள். நீ இதைக் கொடுப்பதற்கு முன்னால், செடி தெரிந்தவன் என்று ஊர் மதிக்கிற யாரிடமாவது காட்டினாயா? அவன் சரி என்று சொன்னானா? அப்படியென்றால் நீ உன்னால் ஆன கவனத்தை எடுத்திருக்கிறாய், இது விபத்து. நீ வீட்டுக்குப் போகலாம். யாரிடமும் காட்டாமல் நீயே முடிவு செய்தாய் என்றால் இது கொலைக்குச் சமமான குற்றம். உன்னைக் கோட்டைச் சிறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்."

ஆமோஸ் என்னைப் பார்க்கவில்லை. வேரைப் பார்த்தான். "எங்க சங்கத்து ஆளுங்க இங்கதான் இருக்காங்க அய்யா. அவங்களையே கேளுங்க" என்றான்.

அதிகாரி வாயைத் திறக்குமுன் எல்கானா எழுந்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை. "நான் கேக்குறேன்" என்றான். "எங்க ஆளுங்கள அவங்கவங்க எடத்துல ஒக்காரச் சொல்லுங்க. இவனையும்."

அதிகாரி தலையசைத்தார். அன்று வந்திருந்தது ஒன்பது பேர். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம். ஆமோஸ் எனக்கு இடப்பக்கம். அவன் பின்னால் போலீஸ்காரன்.

எல்கானா அந்த வேரை எடுத்தான். மகளைக் கொன்ற வேர். "இது யாரோட கைக்கு முன்னமே வந்துச்சோ, இதுக்கு எவன் வாய் பேரு கொடுத்துச்சோ, அவன் சொல்லட்டும். இல்லாதவன் மாத்தி விடட்டும்" என்றான். இடப்பக்கத்து ஆளிடம் கொடுத்தான்.

அவன் மாற்றிவிட்டான். அடுத்தவன் மாற்றிவிட்டான். வேர் காய்ந்து சுருங்கியிருந்தது, நான் சீவிய விரல் மட்டும் பழுத்த மஞ்சளாக இருந்தது. ஒவ்வொரு கையாக வந்தது. ஜூரி ஆட்கள் இது என்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் கெசையாவின் பிள்ளை அழுதது, யாரோ தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

என் கைக்கு வந்தது.

என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியும். சட்டத்தை நான் நம்பவில்லை. அந்த அதிகாரி விபத்து என்று சொன்னால் அப்புறம் என்னைப் பிடிப்பார், கையுறைக்காரன் சிரிப்பான், எழுபதை நெருங்குகிற எனக்குச் சிறையில் ஒரு குளிர்காலம் தாங்காது. இதையெல்லாம் நினைத்தேன். ஆனால் இதெல்லாம் பின்னால் வந்த நினைப்பு. முதலில் நினைத்தது, எல்கானாவின் முகத்துக்கு எதிரே நான் ஒரு வேருக்குத் தப்பான பேர் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது என்பதுதான். அவ்வளவு அற்பம் அது.

கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டேன். இடப்பக்கம் மாற்றிவிட்டேன்.

முப்பது வருடத்தில் ஆமோஸிடம் நான் மாற்றிவிட்டது அந்த ஒன்றுதான்.

அவன் வாங்கினான். அப்போதுதான் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் ஒருவேளை எழுந்திருப்பேன். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். என் தறிவீட்டில் அவனும் நானும் நின்றது அவன் கண்ணில் அப்படியே இருந்தது. பிறகு வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கூட்டத்தில் பார்க்கிற மாதிரி.

"கிளெக்?" என்றார் அதிகாரி.

"நான் தோண்டினேன்" என்றான் ஆமோஸ். "பேரும் நான்தான் வச்சேன்."

"யாரிடமாவது காட்டினாயா?"

"மேச சுத்தி வந்துருச்சுங்களே அய்யா. மாத்தி விட்டவன ஏன்னு நாங்க கேக்குறதில்ல."

அதிகாரிக்குப் புரியவில்லை. எழுதிக்கொண்டார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஆமோஸை வண்டியில் ஏற்றும்போது அவன் பெண்டாட்டி மார்த்தா ஓட்ஸ் ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். அவன் பாதியைப் பிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

வழக்கு மன்றம் ஆகஸ்டில்தான் கூடும். ஜூனில் சிறையில் காய்ச்சல் வந்தது. ஜூலை முதல் வாரம் சவத்தை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தது. மார்த்தாவோடு நான்தான் போனேன், வேறு யாரும் வரவில்லை. திரும்பி வரும்போது ஊர் எல்லையில் அவள் கேட்டாள்.

"அவரு உன்கிட்டக் காட்டுறதாச் சொல்லிட்டுத்தான் அன்னிக்கு வெளிய போனாரு. காட்டலையா?"

"காட்டல" என்றேன்.

சவப்பெட்டி மீது கையை வைத்துக்கொண்டு வந்தவள், என்னை மறுபடி பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் எல்கானா வீட்டுக்குப் போனேன். இவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போனேன். எல்கானா பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் கரண்டியில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான்.

"எல்கானா, அந்த வேரு..."

"பேசாத."

"நான் சொல்லத்தான் வந்தேன். ஆமோஸு என்கிட்ட..."

"தெரியும்யா." கரண்டியைப் பிள்ளையின் வாயில் வைத்தபடியே சொன்னான். "அன்னிக்கு வேரு உன் கைக்கு வர்றதுக்கு முன்னமே உன் கட்டவெரலு மஞ்சளா இருந்துச்சு. நீ குவளையத் தூக்குறப்பவே பாத்தேன்."

உட்காரச் சொல்லவில்லை அவன்.

"பாத்துட்டு ஏன்யா சும்மா இருந்த?"

"எம்மவ முன்னறையில கெடந்தா. யாராச்சும் ஒருத்தன் போகணும்னு இருந்துச்சு எனக்கு. யாருன்னு பாக்குற நெலமையில நான் இல்ல." பிள்ளையின் மோவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்தான். "நீ சொல்லுவன்னு கடைசி வரைக்கும் நெனச்சேன். மாத்தி விட்ட. அப்புறம் நான் என்னத்தக் கேக்குறது? விதி அப்படித்தான?"

பிள்ளை கஞ்சியைத் துப்பியது. நான் வந்துவிட்டேன்.

சங்கம் இன்னும் நடக்கிறது. எல்கானாதான் தலைவன். நான் போகிறேன், ஏனென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு இடப்பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. தெரியாத செடி வந்தால் அதை எழுந்து போய் அதற்கடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் எனக்கு நிறையச் செடிகள் தெரிவதில்லை. வேர் மேசைக்கு வரக் கூடாது என்ற விதியை எடுத்துவிட வேண்டும் என்று போன வருடம் சொன்னேன். ஒருவரும் மேசையைத் தட்டவில்லை.

மதகடிக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கல் அங்கேயே கிடக்கிறது. இந்த ஜூலையில் அதைச் சுற்றிலும் இடுப்பளவுக்கு வளர்ந்து வெள்ளையாகப் பூத்து நிற்கிறது பிணவிரல். வரிவரியான தண்டு, உள்ளே குழல், தண்டிலையின் அடியில் பை உப்பவில்லை. தண்டோடு நின்றால் எனக்குத் தெரிகிறது, யாரும் கேட்காமலே பேர் சொல்லிவிடுவேன்.